இழந்து வாழும் கிருமி



தொழுநோய் குடும்ப வழியாக வருவது என்னும் பேச்சை எங்கள் நாஞ்சில் நாட்டில் நான் இளமையில் பலமுறை கேட்டதுண்டு. அப்பேச்சினால் பெண் கொள்வதும் கொடுப்பதும் தடைப்பட்டன. நோயுற்றவர் அதனை மறைத்தார். மறைத்ததன் விளைவாக விரல்களை இழந்தார். நெய்யூர் மிஷன் மருத்துவர்கள் தொழுநோயாளர்க்கென இல்லம் நடத்தியதும் இம்மண்ணில்தான். இன்று நான் பரம்பரையைப் பற்றியே பேசப்போகிறேன்; ஆனால் நோயாளியின் பரம்பரையை அன்று, கிருமியின் பரம்பரையை.

இந்நோய்க் கிருமியை 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். ஆயினும், அதனை ஆய்வுக்கூடக் குப்பியில் வளர்க்க இன்றுவரை எவராலும் இயலவில்லை. ஒரு கிருமி இரண்டாகப் பெருகுவதற்கே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது. இதன் காரணம் 2001இல் விளங்கிற்று. பாரிஸ் பாஸ்டர் நிலையத்தாரும் இங்கிலாந்தின் சாங்கர் நிலையத்தாரும் அக்கிருமியின் மரபுச் செய்தி முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்து வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த கிருமி தமிழ்நாட்டில் பெறப்பட்டது. அதனால் அவ்வகைக்கு 'டி.என்.' என்றே பெயர்.

அதன் நெருங்கிய உறவாகிய காசநோய்க் கிருமியில் சுமார் 44 இலட்சம் எழுத்துகளும் 4,000 மரபணுக்களும் உண்டு. தொழுநோய்க் கிருமியிலோ 33 இலட்சம் எழுத்துகளே உள்ளன. அவற்றுள் வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 1,600. மேலும் 1,100க்கு மேற்பட்டவை சிதைந்து, செயலற்றுக் கிடக்கின்றன.

இஃது எவ்வாறு நேர்ந்தது? ஓர் உழவனுக்கு ஆண்டு முழுதும் பிறர் பத்தாயத்திலிருந்து நெல் கிடைத்துவிட்டால், அவனுடைய கொழு துருப்பிடிக்கும்; நுகத்தைக் கறையான் அரிக்கும்; எனினும் அவன் பட்டினி கிடப்பதில்லை. கிருமியின் கதையும் இதுவே. மரபுச் செய்தி படியெடுக்கப்படும்போது தற்செயலாகப் பிழைகள் நேர்கின்றன. மண்ணில் தனித்து வாழும் பாக்டீரியா இன்றியமையாத மரபணு ஒன்றை இழந்தால் மடியும். பிழையும் அதனோடு ஒழியும். நம் உயிரணுக்களின் உள்ளே வாழும் கிருமிக்கோ வேண்டிய பல பொருள்கள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. ஆதலால் பிழையுற்றதும் பிழைத்துக்கொள்கிறது. அப்பிழை சந்ததிக்குச் செல்கிறது. பிற பாக்டீரியாக்களின் கூட்டுறவும் இல்லாமையால், இழந்த மரபணுவை அவற்றிடமிருந்து திரும்பப் பெறவும் வழியில்லை.

அவரைக் கொடியில் மொய்க்கும் அசுவினிப் பூச்சியின் உடலுக்குள்ளும் புக்னெரா என்னும் பாக்டீரியா வாழ்கிறது. அதில் எஞ்சியவை ஏறத்தாழ 600 மரபணுக்களே. ஆனால் பூச்சிக்கு வேண்டிய அமினோ அமிலங்களை ஆக்கும் மரபணுக்களை அது இழக்கவில்லை. அவற்றை இழந்தால் பூச்சியும் வாழாது, பாக்டீரியாவும் வாழாது. தேவையானது நிற்கிறது, தேவையற்றது தேய்கிறது.

தேய்ந்த கிருமியிடமும் மாறும் ஆற்றல் அறவே அற்றுப்போகவில்லை. ஒரே மரபணுவில் ஓரெழுத்து மாறினாலும் ரிஃபாம்பிசின் என்னும் மருந்து பயனற்றுப் போகக்கூடும். ஆகவேதான் 1982 முதல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஒரு மருந்துக்குத் தப்பியதை மற்றொன்று அழிக்கும்.

நண்பர்களே, சிதைந்த மரபணுக்கள் கிருமியின் குலச்சொத்து. நோயாளியின் குலக்குறை அல்ல. இந்நோயோடு எவரும் பிறப்பதில்லை. பெரும்பாலோர்க்கு இதனை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. உணர்ச்சியற்ற தேமல் தோன்றினால் மறைக்க வேண்டா. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ உண்டால் நோய் தீரும். தொடக்கத்திலேயே உண்டால் விரல்களும் தப்பும்.