சுருட்டுப் பெட்டியும் சுங்கச்சாவடியும்



நெல் விளையும் தஞ்சைத் தரணியிலே பிறந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியே தலை நரைத்துப்போன ஒருவன், அயல்நாட்டுச் சுருட்டுக்குச் செலுத்தும் சுங்கவரியைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நான் சுருட்டுப் பிடிப்பவனும் அல்லன். சுங்கத் துறையிலே பணியாற்றியவனும் அல்லன். ஆயினும், என் பன்னிரண்டாம் வயதில் ஒரு சுருட்டுப் பெட்டியால் எங்கள் குடும்பத்துக்கு ஒரு தலைகுனிவு நேர்ந்தது. அதை நான் இன்றளவும் மறக்கவில்லை. அந்நிகழ்ச்சியைச் சொல்வதற்கு முன்னால், இந்த வரி இன்னது, ஏன் விதிக்கப்படுகிறது, எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பவற்றைச் சுருக்கமாக விளக்கிவிடுகிறேன்.

சுங்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. காவிரி கடலோடு கலக்கும் புகார்த் துறைமுகத்திலே, இறங்கும் சரக்குக்கும் ஏறும் சரக்குக்கும் சோழனின் புலி முத்திரையைப் பொறித்துச் சுங்கம் கொண்ட காவலரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. முத்திரை ஏன் பொறித்தார்கள்? இன்ன சரக்கு கணக்கிலே வந்துவிட்டது என்று எல்லாரும் அறிவதற்காகத்தான். கணக்கும் முத்திரையும் சேர்ந்ததே சுங்கம். அந்த அடிப்படை இன்றும் மாறவில்லை.

இங்கே இரண்டு வரிகளைப் பிரித்தறிய வேண்டும். நாட்டின் எல்லையைக் கடந்து வரும் பொருளுக்கு விதிப்பது சுங்கவரி. நாட்டுக்குள்ளேயே செய்யப்படும் பொருளுக்கு விதிப்பது கலால் வரி. நம் வேதாரணியம் மணற்பாங்கிலே புகையிலை விளைகிறது. காவிரிக் கரையிலே உள்ள உறையூரில் சுருட்டுச் சுற்றும் தொழில் நெடுங்காலமாக நடந்துவந்திருக்கிறது. ‘திருச்சினாப்பள்ளிச் சுருட்டு’ என்ற பெயர் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் பரவியிருந்தது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, சாம்பலைக் கண்டு இன்ன சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லும் அளவுக்கு அது பெயர் பெற்றிருந்தது. இத்தகைய உள்நாட்டுப் புகையிலைக்கு 1943-ஆம் ஆண்டு மத்திய அரசு கலால் வரி விதித்தது. உள்ளூர்ப் பொருளின்மேல் வரியைச் சுமத்திவிட்டு, கப்பலில் வரும் சுருட்டை வரியின்றி இறங்கவிட்டால், உறையூரில் இலை சுற்றும் கைகளுக்கு நீதி செய்ததாகுமா? ஆகவே, எல்லையிலே சுங்கம் வைக்கிறார்கள். புகையிலை உடலுக்குக் கேடு செய்வதால், அதன் நுகர்வைக் குறைக்க வேண்டும் என்னும் நோக்கமும் இதனோடு சேர்கிறது.

இனி, கணக்குக்கு வருவோம். வரியை எண்ணிக்கையாலோ எடையாலோ விதிக்கலாம், மதிப்பாலும் விதிக்கலாம். மதிப்பு என்னும்போது சரக்கின் விலையோடு, அதனைக் கொண்டுவந்த கூலியும் காப்பீட்டுச் செலவும் சேர்த்தே எண்ணப்படும். ஒரு வணிகர் இறக்கும் சுருட்டின் மதிப்பு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுங்கவரி நூற்றுக்கு 30 என்றால் 300 ரூபாய் ஆகிறது. உள்நாட்டு விற்பனையின்மேல் உள்ள வரிக்கு ஈடாக எல்லையிலேயே மற்றொரு வரியும் வாங்கப்படுகிறது. 2017 ஜூலை 1 முதல் அது சரக்கு மற்றும் சேவை வரியின் வகையைச் சேர்ந்ததாயிற்று. இது நூற்றுக்கு 40 என்றால் எவ்வளவு? பிள்ளைகளைக் கேட்டால் 400 என்பார்கள், அது தவறு. இரண்டாம் வரி, முதல் வரியையும் சேர்த்த 1,300 ரூபாயின்மேல் கணக்கிடப்படுவதால், 520 ரூபாய் ஆகும். ஆகமொத்தம் வரி 820 ரூபாய். இந்த விகிதங்கள் கணக்கு விளங்குவதற்காக நான் கொண்டவை. உண்மையான விகிதங்கள் அவ்வப்போது மாறும். ஆனால் வரியின்மேல் வரி ஏறும் முறையை அறியாதவர்கள்தாம், ‘கணக்கிலே ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சுங்கச்சாவடியில் சினம் கொள்கிறார்கள்.

வரியைக் கூட்டிக்கொண்டே போகலாமா என்றால், அதற்கும் ஓர் அளவு உண்டு. எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் விலை மிகுதியாக வேறுபட்டால் கள்ளக் கடத்தல் முளைக்கும். இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மூன்று பக்கமும் பழைய தஞ்சை மாவட்டமும் ஒரு பக்கம் கடலும் சூழ்ந்த காரைக்கால், 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1941-இல் இரு தரப்பாருக்கும் ஏற்பட்ட சுங்க உடன்பாடு 1949-இல் முடிவுற்றதும், ஒரே வயல்வெளியின் நடுவே சுங்க எல்லை முளைத்தது. நாகூரைத் தாண்டி வாஞ்சூருக்குப் போனால் அயல்நாடு! வரப்பின் இந்தப் பக்கம் ஒரு விலை. அந்தப் பக்கம் வேறொரு விலை. அயல்நாட்டுப் பண்டங்கள் இரவிலே வரப்பு தாண்டிய கதைகளை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1954 நவம்பர் முதல் நாள் காரைக்கால் இந்திய ஆட்சிக்கு வந்தது. அந்தச் சுங்க எல்லையும் மறைந்தது.

முதலாம் குலோத்துங்க சோழன் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ என்று புகழப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அதே மன்னன் 1086-இல் நிலத்தை அளக்கச் செய்தான் என்பதையும் உடன் நினைக்க வேண்டும். வரியே வேண்டாம் என்று அவன் இருந்துவிடவில்லை. எதன்மேல் விதிப்பது, எதனை விடுவது என்று தேர்ந்தான். இன்று அந்தத் தேர்வு மக்கள் மன்றத்தின் பொறுப்பு. சட்டத்தின் வழியன்றி எவ்வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று நம் அரசியல் சட்டத்தின் 265-ஆம் பிரிவு கூறுகிறது. வரியின் அளவு மிகுதி என்றால் அங்கே முறையிடலாம். சாவடியிலே மறைப்பது முறையன்று.

பயணிகளுக்கு விதி சிறிது இளக்கம் காட்டுகிறது. 2016-ஆம் ஆண்டின் பயணச்சுமை விதிகள், 100 சிகரெட்டு அல்லது 25 சுருட்டு அல்லது 125 கிராம் புகையிலை என்று சலுகைக்கு வரம்பு கட்டின. ‘அல்லது’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். அதை ‘உம்’ என்று படித்து, மூன்றையும் கொண்டுவரலாம் என்று எண்ணுவோர் பலர். இலக்கணப் பிழை இங்கே பணப்பிழை ஆகிவிடும்! மேலும், ஒருவர் சலுகையை மற்றொருவர் சலுகையோடு சேர்த்துக்கொள்ளவும் அவ்விதிகள் இடம் தரவில்லை. இந்த இடத்திலேதான் எங்கள் பெரியப்பா இடறி விழுந்தார்.

1972-ஆம் ஆண்டு அவர் பினாங்கிலிருந்து கப்பலில் நாகப்பட்டினம் வந்தார். கப்பல் ஆழ்கடலில் நிற்க, பயணிகள் படகிலே கரை சேருவார்கள். தந்தையாரும் நானும் அழைத்துவரப் போயிருந்தோம். பெரியப்பா, தாத்தாவுக்கென்று இரண்டு பெட்டி சுருட்டு வாங்கியிருந்தார். ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, மற்றதைத் தம்மோடு வந்த எங்கள் ஊர் இளைஞர் ஒருவரின் பெட்டியிலே வைத்துவிட்டார். பல ஆண்டுகள் உழைத்துவிட்டுத் தங்கையின் திருமணத்துக்காக ஊர் திரும்பியவர் அவர்.

“இது உம்முடையதா?” என்று அதிகாரி கேட்டார்.

“ஆமாம், ஐயா.”

“இதில் எத்தனை சுருட்டுகள் இருக்கின்றன? நீர் சுருட்டுப் பிடிப்பதுண்டா?”

இளைஞர் விழித்தார். அவருடைய உடைமைகள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. தங்கைக்கு வாங்கிய சேலைகள் மேசைமேல் கிடந்தன. பெரியப்பா தூணருகே பேசாமல் நின்றார். என் தந்தையார், “அண்ணா!” என்று ஒரே ஒரு சொல் சொன்னார். சிறிது பொழுது கழிந்தது. பிறகு பெரியப்பா முன்னே போய், “ஐயா, பெட்டி என்னுடையது. இந்தப் பிள்ளைமேல் குற்றமில்லை” என்றார்.

“முதலிலேயே சொல்லியிருந்தால் வரியோடு போயிருக்கும்” என்றார் அதிகாரி. மறைத்த பொருள் பறிமுதலுக்கு உரியதாயிற்று. அபராதம் கட்டி மீட்கலாம். அதுவோ சுருட்டின் விலையையும் விஞ்சியது. பெரியப்பா பெட்டியை விட்டுவிட்டார். இளைஞர் அன்று மாலை தம் உடைமைகளுடன் எங்களோடு ஊர் வந்து சேர்ந்தார்.

திண்ணையிலே உறையூர்ச் சுருட்டோடு அமர்ந்திருந்த தாத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சீமைச் சுருட்டு போனால் போகிறது, அந்தப் பிள்ளை சாப்பிட்டானா?” என்றார். பெரியப்பா தலை நிமிரவில்லை.

இப்போது நம் பக்கத்தார் திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். 2023-இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பலும் தொடங்கியது. வழிகள் மாறின, கேள்வி ஒன்றுதான்: “பெட்டியில் என்ன இருக்கிறது?” விகிதத்தை அரசு சொல்லும், கணக்கை அதிகாரி போடுவார். உள்ளதை உள்ளபடி சொல்வது ஒன்றே நம்முடைய பங்கு. நம் சரக்கைப் பிறர் பெட்டியிலே வைப்பவன், தன் வரியை மட்டுமன்று, தன் பழியையும் அவர் தலையிலே ஏற்றுகிறான்.