காந்தம் கண்டுபிடித்த ரகசியம்: பழைய ஸ்போர்ட்ஸ் காரும் துருவின் வேதியியலும்

மாணவர்களே, பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போயிருந்தால் ஸ்ரீ ரம்பாய் பீரங்கியைப் பார்த்திருப்பீர்கள். அது வார்க்கப்பட்ட ஆண்டு 1603. இத்தனை காலத்துக்குப் பிறகும், உப்புக் காற்று வீசும் கடலோரத்தில் அது உறுதியாக நிற்கிறது. காரணம், அது வெண்கலம். வெண்கலத்தின் மேல் பச்சைப் படலம் படியுமே தவிர, இரும்பைப் போல் அது துருப்பிடித்து உதிர்வதில்லை.

அதே கடலோரத்தில் 50 வயதான ஒரு காரை நிறுத்தினால்? அதன் உடல் எஃகு. எஃகின் பெரும்பகுதி இரும்பு. கதை இங்கே மாறுகிறது.

போன பள்ளி விடுமுறையில் என் தாய்மாமா ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து வந்தார். சிவப்பு நிற எம்ஜிபி. இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரான கார் அது. வேலை ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை அதற்கென்று எடுத்து வைத்துவிட்டார். "நீ சயன்ஸ் டீச்சர்தானே, கூட வாயேன்" என்றார். நான் ஒரு துணி, நான்கைந்து வெள்ளைத் தாள், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த ஒரு காந்தம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன். மாமா சிரித்தார்.

மூடி இல்லாத பெட்டி

பழைய கார்கள் பலவற்றில் ஏணி போன்ற தனிச் சட்டம் இருக்கும். அதன் மேல்தான் உடலைப் பொருத்துவார்கள். எம்ஜிபியில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளை மடித்து, பற்றவைத்துச் செய்த உடலே எல்லா எடையையும் தாங்குகிறது.

ஒரு காலணிப் பெட்டியை எடுத்து, மூடியோடு முறுக்கிப் பாருங்கள். பிறகு மூடி இல்லாமல் முறுக்கிப் பாருங்கள். வேறுபாடு கையிலேயே தெரியும். கூரை திறந்த காரும் மூடி இல்லாத பெட்டிதான். அதனால் கதவுகளுக்குக் கீழே, வாசற்படி போல் நீளும் பெட்டி வடிவப் பகுதி முக்கியமாகிறது. பட்டறைகளில் இதைச் 'சில்' என்பார்கள். காரின் முன்பாதியையும் பின்பாதியையும் இது இணைத்துத் தாங்குகிறது. இது துருவால் மெலிந்தால் கார் நடுவில் தொய்யும். விபத்தில் உள்ளே இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு குறையும்.

துரு எங்கே ஒளிந்துகொள்கிறது?

துருப்பிடித்தலைப் பள்ளியில் மலாயில் 'பெங்காரத்தான்' என்று படித்திருப்பீர்கள். இரும்பு எலக்ட்ரான்களை இழக்கிறது. நீரோடு சேர்ந்த ஆக்சிஜன் அவற்றைப் பெற்றுக்கொள்கிறது. முடிவில் கிடைப்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு, அதாவது துரு. உப்பு நீர் அயனிகளை எளிதில் கடத்துவதால் இந்த வேலை விரைவாக நடக்கிறது. பினாங்கின் ஈரப்பதமும் கடற்காற்றும் இதற்குத் துணை.

ஜெலியில் ஆணியை வைத்துச் செய்யும் சோதனை நினைவிருக்கிறதா? ஆணியின் தலையிலும் கூர்முனையிலும் நீல நிறம் முதலில் தோன்றும். அங்கே உலோகம் அடித்து வளைக்கப்பட்டிருக்கிறது. காரிலும் மடிப்புகளும் பற்றவைத்த இணைப்புகளும் அப்படிப்பட்ட இடங்கள்தாம். மேலும், சில்லின் உட்பகுதியில் சேறு சேர்ந்து வடிகால் துளைகள் அடைபட்டால், தண்ணீர் உள்ளேயே தங்கும். வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு!

துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் சாயத்தை உள்ளிருந்து தள்ளும். சாயத்தில் கொப்புளம் தெரிந்தால், அது வெளியிலிருந்து தொடங்கிய துரு என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் உள்ளிருந்து வந்து வெளியே எட்டிப் பார்க்கும் துரு அது.

தாளும் காந்தமும்

ஓட்டை விழுந்த இடத்தைப் பசை போன்ற புட்டியால் நிரப்பித் தேய்த்துச் சாயம் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. காந்தத்துக்குத் தெரியும். புட்டியின் பெரும்பகுதி பிசினும் பொடியும்தான். அதைக் காந்தம் ஈர்ப்பதில்லை.

புறப்படும் முன் வீட்டில் ஓர் அளவீடு செய்தேன். காந்தத்தைத் துணியில் சுற்றி, இரும்பு அலமாரியில் ஒட்டினேன். இடையில் தாள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். சாதாரணத் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். 9ஆவது தாளில் காந்தம் விழுந்தது. தொழிற்சாலையில் அடித்த சாயம் பொதுவாக ஒன்றிரண்டு தாள் தடிமன்தான் இருக்கும். எனவே என் காந்தம் சாயத்தின் மேல் நிற்கும், கனமான புட்டியின் மேல் விழும். மிக வலுவான காந்தம் இதற்கு உதவாது. அது புட்டியையும் தாண்டி ஒட்டிக்கொள்ளும்.

காரின் பின்பகுதியில் காந்தம் நன்றாக ஒட்டியது. முன்புற மூடியில் ஒட்டவே இல்லை. மாமாவின் முகம் வாடியது. ஆனால் அது குறையன்று. தொடக்ககால எம்ஜிபிகளில் அந்த மூடி அலுமினியத்தால் ஆனது. ஆகவே, காந்தம் விழுந்ததும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அந்த இடத்தில் இருக்கவேண்டிய பொருள் எது என்று முதலில் கேட்க வேண்டும்.

இடப்பக்கச் சில்லுக்கு வந்தோம். அது எஃகாகத்தான் இருக்க வேண்டும். முன்முனையில் காந்தம் ஒட்டியது. நடுவில் நழுவியது. பின்சக்கரத்துக்கு அருகில் பொத்தென்று விழுந்தது. வலப்பக்கச் சில் முழுவதும் ஒட்டியது.

கதவு தந்த சாட்சி

ஒரு சான்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா? கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பார்த்தோம். வலப்பக்கம் மேலும் கீழும் ஒரே அளவு. இடப்பக்கம், கதவின் பின்விளிம்பில் மேல்பகுதி குறுகியும் கீழ்பகுதி விரிந்தும் இருந்தது. நடுவில் கார் தொய்ந்தால் இப்படித்தான் ஆகும். பிறகு விற்பவரின் அனுமதியோடு தரை விரிப்பைத் தூக்கினோம். அடியில் ஈரம், பழுப்பு நிறச் செதில்கள். காந்தம், கதவு, தரை மூன்றும் ஒரே இடத்தைக் காட்டின.

(வெள்ளத்தில் மூழ்கிய காரா என்று அறியவும் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பது நல்லது. 2017 நவம்பரில் பினாங்கில் ஏற்பட்ட பெருவெள்ளம் நினைவிருக்கலாம். மூலைகளில் தங்கும் மெல்லிய வண்டல் எளிதில் போகாது. ஜாக்கியில் மட்டும் நிற்கும் காரின் அடியில் மட்டும் ஒருபோதும் நுழையாதீர்கள்.)

விற்பவர் 5,000 வெள்ளி குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். மாமா காரை இன்னொரு முறை சுற்றி வந்தார். ஆசை அவர் கண்ணிலேயே தெரிந்தது. சில்லை மாற்றுவதென்றால் உடல் வளையாதபடி தாங்கு கொடுத்து, பழையதை வெட்டி, புதியதைப் பற்றவைக்க வேண்டும். வெட்டிய பிறகுதான் உள்ளே இன்னும் எவ்வளவு அரித்திருக்கிறது என்பது தெரியவரும். "வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

வரும் வழியில் அவர் அதிகம் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும் கையை நீட்டினார்.

"அந்தக் காந்தத்தைக் கொடு. அடுத்த வாரம் பட்டர்வொர்த்தில் ஒன்று பார்க்கணும்."

நீங்களும் வீட்டில் ஒரு காந்தமும் சில தாள்களும் எடுத்து இந்த அளவீட்டைச் செய்து பாருங்கள். உங்கள் காந்தம் எத்தனையாவது தாளில் விழுகிறது?