லாரியில் வந்து இறங்கும் கார்கள்

நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடியும் நேரத்தில், லண்டன் ஹைட் பூங்காவிலிருந்து சில நூறு கார்கள் கிளம்புகின்றன. 1905-க்கு முன்பு செய்யப்பட்டவற்றுக்கு மட்டுமே அதில் இடம். பலவற்றுக்குக் கூரை இல்லை. சிலவற்றுக்கு வட்டமான ஸ்டீயரிங்கூட இல்லை. படகுச் சுக்கான் மாதிரி ஒரு கம்பியைப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். ஏறத்தாழ 60 மைல் தள்ளியிருக்கும் பிரைட்டன் கடற்கரைக்கு அவை போய்ச் சேர வேண்டும். இது பந்தயம் இல்லை என்பதால், யார் முந்தினார் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மாலை நாலரைக்குள் வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே பதக்கம்தான். மேட்டில் ஏற முடியாமல் முனகும் காரிலிருந்து ஆட்கள் இறங்கித் தள்ளுவதும், சாலையோரத்தில் ஒருவர் என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதும் அன்றைக்குச் சாதாரணக் காட்சிகள்.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று உலகெங்கும் கார் கண்காட்சித் திடல்களின் பின்வாசலில் நடக்கிறது. மூடிய லாரி வந்து நிற்கும். பின்கதவு சாய்பலகையாக இறங்கும். துணி போர்த்திய கார் ஒன்று, குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குவதுபோல் மெதுவாக வெளியே வரும். பத்தடி தள்ளிப் புல்தரையில் நிறுத்தி மெழுகு பூசித் துடைப்பார்கள். மாலையில் அதே லாரி, அதே துணி. அந்தக் கார் தன் சக்கரத்தில் அன்று ஓடிய தூரம் அந்தப் பத்தடிதான். பழைய கார்களின் மேல் பிரியம் உள்ளவர்கள் கோபிக்கலாம், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது: வார இறுதியில் கண்காட்சிக்குப் போகும் வழிதான் அந்தக் காரின் உண்மையான காட்சி. நிலையிலேயே நிற்கும் தேரைப் பார்த்துவிட்டு வந்து யாரும் தேரோட்டம் பார்த்தேன் என்று சொல்வதில்லை.

ஒரு காரைப் பற்றிப் பட்டறைக்குத் தெரியாததைச் சாலை சொல்லும் என்பது காரின் முதல் நெடும்பயணத்திலேயே தெரிந்துபோன விஷயம். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரு மகன்களுடன், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு, ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த தாய்வீட்டுக்கு, ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். கணவரிடம் சொல்லாமல்தான். பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே இல்லாத காலம். வழியில் வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் துணிக்கறை நீக்கும் லிக்ரோயின் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். மேட்டில் வண்டி திணறியது, மகன்கள் தள்ளினார்கள். திரும்பி வந்த பிறகு அந்த வண்டிக்கு மேடு ஏற இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது. தோலுறை போட்ட பிரேக், கூடுதல் கியர் இரண்டுமே கொட்டகைக்குள் நின்ற வண்டியிலிருந்து வந்தவை அல்ல, வழியில் பட்ட பாட்டிலிருந்து வந்தவை.

பூட்டி வைத்தால் பத்திரமாக இருக்கும் என்பது நகைக்குப் பொருந்தும், என்ஜினுக்குப் பொருந்தாது. ஓடாத காரில் ரப்பரும் தோலும் காய்ந்து வெடிக்கின்றன. ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்ற டயர் அடிப்பக்கம் தட்டையாகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சக்கரத்துக்குள் இருக்கும் சின்ன பிஸ்டனைத் துருப்பிடிக்க வைத்து இறுக்கிவிடும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலும் தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் அரிக்கும். 'அதனால்தான் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறோமே' என்று பல உரிமையாளர்கள் சொல்வார்கள். அது நல்லதைவிடக் கெடுதலையே அதிகம் செய்யும். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. என்ஜின் நன்றாகச் சூடேறி, கொஞ்ச நேரம் அந்தச் சூட்டிலேயே ஓடினால்தான் அந்த நீர் ஆவியாகி வெளியேறும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் அது எண்ணெயோடு கலந்து உள்ளேயே தங்கும். அரைநாள் சாலையில் போய்வருவதே இதற்கு மருந்து.

உலோகத்தைவிடச் சீக்கிரம் துருப்பிடிப்பது கைப்பழக்கம். 1908 முதல் 1927 வரை சுமார் 1.5 கோடி தயாரான ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் மூன்று பெடல்கள்தான், ஆனால் நமக்குத் தெரிந்த மூன்று அல்ல. இடது பெடல் கியர் மாற்ற, நடுப்பெடல் பின்னால் போக, வலது பெடல் பிரேக். ஆக்ஸிலரேட்டர் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கைநெம்பு. எதிர்ப்பக்கத்தில் தீப்பொறியின் நேரத்தை முன்பின் தள்ள இன்னொரு நெம்பு. கைப்பிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் முன் அந்த நெம்பைப் பின்னுக்குத் தள்ள மறந்தால் என்ஜின் எதிர்த்து உதைக்கும், மணிக்கட்டு முறியும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும் என்பதும் அதனால்தான். அக்காலத்தின் வேறு பல கார்களில் பல்சக்கரங்களின் வேகத்தைத் தானாகப் பொருத்தித் தரும் ஏற்பாடு கிடையாது. கியர் மாற்றும்போது கிளட்ச்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும், நடுவே காதால் என்ஜினின் சுருதியைப் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் காரின் அருகில் வைத்த அறிவிப்புப் பலகையில் எழுதலாம். படித்து யாருக்கும் வராது. ஓட்டத் தெரிந்த கடைசி ஆளும் போய்விட்டால், மிச்சம் இருப்பது பளபளக்கும் ஒரு இரும்புச் சாமான்.

மறுதரப்பின் வாதங்களில் கனமானது ஒன்று உண்டு. முதல் பெயின்ட், முதல் தோல் இருக்கை, தொழிற்சாலையில் முறுக்கிய முதல் திருகாணி ஆகியவை ஒருமுறைதான் இருக்கும். சாலையில் தெறிக்கும் ஒரு கல் அந்தச் சான்றை அழித்துவிடும் என்கிறார்கள். நியாயம்தான். உலகில் ஒன்றிரண்டு மட்டுமே எஞ்சியுள்ள, யாரும் கைவைக்காத காரை மழையில் ஓட்டச் சொல்வது அறிவீனம். ஆனால் இந்தச் சலுகையை ஆயிரக்கணக்கில் எஞ்சியிருக்கும், ஏற்கெனவே இரண்டு மூன்று முறை பெயின்ட் அடிக்கப்பட்ட கார்களும் கேட்பதுதான் வேடிக்கை. தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்று நினைத்தே பேரிங்கையும் பிஸ்டன் ரிங்கையும் டயரையும் செய்தார்கள். அரிய காரே ஆனாலும், அதற்கு உயிர் கொடுத்தவர்கள் அதை எப்படி நடத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். 2022-இல் 13.5 கோடி யூரோவுக்கு விலைபோன மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே, இரண்டே இரண்டு செய்யப்பட்ட கார். அதை வடிவமைத்த ருடால்ஃப் ஊலன்ஹாட் அதைச் சாதாரணச் சாலைகளில் ஓட்டிக்கொண்டு திரிந்தவர். பளபளப்புக்கே பேர்போன கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கண்காட்சியும் 1998 முதல், புல்தரையில் நிற்கும் முன் கார்களை ஒரு சாலைச் சுற்றுக்கு அழைக்கிறது. ஒரு பிரிவில் இரண்டு கார்கள் சமமாக நின்றால், அந்தச் சுற்றை முடித்த காருக்கே வெற்றி.

ஆபத்து, புகை என்ற இரண்டையும் ஒதுக்கிவிட முடியாது. மாடல் டி-யின் கால் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் பாயும் பேருந்துக்கு முன்னால் அதைக் கொண்டுபோய் விடக்கூடாது. அதற்கான விடை லாரி அல்ல, வேளையும் வழியும். பிரைட்டன் ஓட்டம் ஞாயிறு விடியலில் தொடங்குவது அழகுக்காக மட்டுமல்ல, சாலை காலியாக இருக்கும் என்பதற்காகவும்தான். நாற்கரச் சாலையை விட்டுப் பழைய சாலையில் மெதுவாகப் போகலாம். பின்னால் ஒரு புதிய கார் எச்சரிக்கை விளக்கோடு வரலாம். புகையைப் பொறுத்தவரை, கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் பழைய கார் அதிகம் கக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. வருடத்துக்குச் சில நாள் ஓடும் வண்டி அது என்பதையும், அதைச் சுமந்து வரும் லாரி டீசலில்தான் ஓடுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இந்தியாவில் 2021-இல் வந்த விதி இந்த இடத்தில் நிதானமாகவே யோசித்திருக்கிறது. 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் தருகிறது. அன்றாட உபயோகம் கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் போய்வரச் சாலையில் ஓட்டலாம். போய்வருவதையும் சேர்த்தே சொன்னதற்கு அந்த விதியை எழுதியவர்களைப் பாராட்ட வேண்டும்.

பணக்காரர்களின் பொழுதுபோக்கு இது என்ற குற்றச்சாட்டும் உண்டு. பெரும்பாலும் உண்மை. ஆனால் திடலுக்குள் நிற்கும் காரைப் பார்க்க டிக்கெட் வேண்டும். சாலையில் போகும் காரைப் பார்க்கத் தெருமுனையில் நின்றால் போதும். அதன் சத்தமும் பெட்ரோல் வாசனையும் இலவசம்.

பிரைட்டனுக்கே திரும்புவோம். 1896 நவம்பர் 14 அன்று நடந்த முதல் ஓட்டம் ஒரு விடுதலைக் கொண்டாட்டம். அதுவரை பிரிட்டனில் குதிரையில்லாத வண்டி மணிக்கு 4 மைலைத் தாண்டக்கூடாது, முன்னால் ஒரு ஆள் நடந்து போக வேண்டும். புதிய சட்டம் அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பி, வரம்பை 14 மைலாக்கியது. அன்று முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் கிளம்பின. வழியிலேயே நின்றுபோனவை ஏராளம். வந்து சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட வண்டிகளில் ஒன்றைப் பற்றி அன்றிலிருந்து ஒரு கதை உலவுகிறது. அது ரயிலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டதாம். பிரைட்டனில் இறக்கியதும், மற்றவர்கள் கண்ணில் படும் முன், அதன் மேல் அள்ளி அள்ளிச் சேறு பூசினார்களாம்.