கபடி வீரரை எடைபோடுவது எப்படி?

கடையநல்லூர்ப் பக்கம் இரவு விளக்கொளியில் நடக்கும் கபடிப் போட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அதிகப் புள்ளி எடுத்தவருக்கே நாம் கைதட்டுகிறோம். 2014-இல் புரோ கபடி லீக் தொடங்கியது. 2017-இல் தமிழ் தலைவாஸ் அணியும் அதில் சேர்ந்தது. கபடி இன்று பிழைப்புக்கும் வழி. அப்படியானால், பாடிச் செல்லும் ஒரு கல்லூரி மாணவரை எதைக் கொண்டு அளப்பது?

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் 20 முறை பாடிச் சென்று 10 புள்ளி எடுக்கிறார். 8 முறை பிடிபடுகிறார். மற்றவர் 12 முறை சென்று 8 புள்ளி எடுக்கிறார். 2 முறையே பிடிபடுகிறார். ஒவ்வொரு பிடியும் எதிரணிக்கு ஒரு புள்ளி அல்லவா? கழித்தால் முதல்வரால் அணிக்கு மிச்சம் 2, இரண்டாமவரால் 6!

அடுத்தது வேகம். கண் கண்டதற்குக் கை அசையச் சுமார் 0.2 விநாடி ஆகும். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் திரும்புபவர் அதற்குள் 1 மீட்டர் கடந்துவிடுவார். நீட்டிய கைக்கு எட்டமாட்டார். ஆகவே நூறு மீட்டர் ஓட்டத்தைவிட, முதல் இரண்டு எட்டில் வேகம் பிடிப்பதே முக்கியம்.

எதிரணியின் பலத்தையும் பார்க்கவேண்டும். எளிய அணியிடம் குவித்த புள்ளி, தேர்ந்த அணியிடம் கிடைப்பதில்லை.

அடுத்த போட்டிக்குத் தாளும் பென்சிலும் கொண்டு செல்லுங்கள். கைதட்டல் பெறாத ஒரு மாணவரின் திறமை உங்கள் குறிப்பில் வெளிப்படலாம்.