நகையின் உண்மையை நீர் சொல்லும்



மகளின் நிக்காஹுக்காக இரண்டு வளையல்கள் வாங்குகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நிறம், ஒரே எடை. ஒன்று முழுமையான பொன். மற்றொன்றோ உள்ளே பித்தளை, மேலே பொன் முலாம். கண்ணால் மட்டும் பார்த்து எது பொன், எது போலி என்று உங்களால் கூற முடியுமா? பல்லாண்டுச் சேமிப்பு இந்த ஒரு வினாவில் அடங்கியிருக்கிறது.

விடை பொருள்களின் பண்புகளில் இருக்கிறது. நிறம், அடர்த்தி, உருகுநிலை ஆகியன ஒரு பொருளின் இயற்பியல் பண்புகள். அடித்தால் தகடாகுமா, இழுத்தால் கம்பியாகுமா, கீறலைத் தாங்குமா, வளைத்தால் முறியுமா என்பன, விசைக்கு ஆட்படும்போது வெளிப்படும் இயந்திரவியல் பண்புகள். போலி ஒன்று இவற்றுள் ஏதேனும் ஒன்றில் அசலைப் போல நடிக்கலாம். அனைத்திலும் நடிப்பது மிகக் கடினம்.

மென்மையும் கலப்பும்

பொன் மிக மென்மையான உலோகம். ஒரு கிராம் பொன்னை ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் பரப்புள்ள மெல்லிய தகடாக அடித்துவிடலாம். இதே மென்மைதான் நகைக்குக் குறையாகிறது. தூய பொன்னில் செய்த வளையல் எளிதில் நெளியும், தேயும். ஆகவே செம்பும் வெள்ளியும் கலந்து அதற்கு உறுதி ஊட்டுகின்றனர். 24 பங்கில் 22 பங்கு பொன்னாக இருப்பதே 22 காரட். ஆயிரத்துக்கு 916 பங்கு என்பதால் அதனை ‘916’ என்கிறோம். இக்கலப்பு தேவையானது, ஒளிவுமறைவு இல்லாதது. சொல்லாமல் கூடுதலாகக் கலப்பதே மோசடி.

நம் பொற்கொல்லர்கள் உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பர். சிறந்த முறைதான், எனினும் உரைகல் காண்பது மேற்பரப்பை மட்டுமே. முலாம் தடிமனாக இருந்தால் அதுவும் ஏமாறும். நகையைச் சிதைக்காமல் உள்ளே இருப்பதை அறிவது எப்படி?

அல்பைரூனியின் குடுவை

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வினாவில் முனைந்தவர் அறிஞர் அல்பைரூனி. கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்து, கஸ்னாவில் வாழ்ந்தவர். கூம்பு வடிவக் குடுவை ஒன்றில் மெல்லிய குழாயைப் பொருத்தினார். நீர் நிறைந்த குடுவையில் ஒரு பொருளை இட்டால், அதன் கன அளவுக்குச் சமமான நீர் குழாய் வழியே வெளியேறும். அந்நீரை நிறுத்து, பொருளின் எடையோடு ஒப்பிட்டார். இவ்வாறு பல உலோகங்களையும் இரத்தினங்களையும் ஆராய்ந்து பதிவு செய்தார்.

அப்பணியைத் தொடர்ந்தவர் மர்வ் நகரின் அல்காஸினீ. 1121இல் அவர் இயற்றிய ‘மீஸானுல் ஹிக்மா’, அதாவது ‘ஞானத் தராசு’, நீதியே நற்பண்புகளின் தாங்குகோல் என்ற கருத்துடன் தொடங்குகிறது. அந்நூலின் கணக்குப்படி, பொன் தன் கன அளவு நீரைப்போல் 19.05 மடங்கு எடையுள்ளது, ஈயம் 11.32 மடங்கு. இன்றைய அளவீடுகள் முறையே 19.3, 11.34. எத்துணை நெருக்கம் பாருங்கள்!

நீங்களே செய்து பார்க்கலாம்

0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் விளிம்பு வரை நிரம்பாமல் நீர் ஊற்றிய பாத்திரத்தை வைத்து, எண்ணைச் சுழியமாக்குங்கள். 40 கிராம், அதாவது 5 சவரன், வளையலை நூலில் கட்டி முழுவதும் நீரில் அமிழ்த்துங்கள். அடியிலோ பக்கத்திலோ அது படக்கூடாது. இப்போது தராசு காட்டுவது, வளையல் இடம்பெயர்த்த நீரின் எடை. 40ஐ அதனால் வகுத்தால் 22 காரட் பொன்னுக்கு ஏறத்தாழ 17.5 முதல் 18 வரை விடை வரும். ஆகவே தராசு 2.2 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். பித்தளையாயின் 4.7 கிராமை ஒட்டிக் காட்டும்.

கல் பதித்தவை, அரக்கு அடைத்தவை, உள்ளே வெற்றிடம் உள்ளவை ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. டங்ஸ்டன் என்னும் உலோகத்தின் அடர்த்தி 19.25, பொன்னுக்கு மிக அருகில்! நீர்ச் சோதனை அங்கே தோற்கும். ஆனால் டங்ஸ்டன் மிகக் கடினமானது, பொன்போல் வளையாது. அடர்த்தி மறைத்ததைக் கடினத்தன்மை காட்டிக்கொடுக்கும். ஒரே பண்பைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வாங்கும்போது

இந்தியாவில் ஹால்மார்க் நகைகளை ஆறு எழுத்து, எண்கள் கொண்ட தனி அடையாளக் குறியுடனேயே விற்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை, 22கே916 என்ற தூய்மைக் குறி, இவ்வடையாளக் குறி ஆகிய மூன்றையும் உருப்பெருக்கி கொண்டு பாருங்கள். அக்குறியை அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டுச் சரிபாருங்கள். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் தெரிந்தவராயிற்றே என்று தயங்காதீர்கள். நேர்மையான வணிகர் இதனால் மனம் வருந்தமாட்டார்.

நகை வெறும் அலங்காரமன்று. நோயிலும் கடனிலும் ஒரு பெண்ணின் கையில் எஞ்சியிருக்கும் காப்பு அதுவே. அடகுக் கடையில் உண்மை தெரியவருவதைவிட, வாங்கும் நாளிலேயே தெரிந்துகொள்வது நலமன்றோ!