மெலி மேத்தா

மெலி மேத்தா (25 செப்டம்பர் 1908 – 19 அக்டோபர் 2002) இந்திய வயலின் கலைஞரும் இசைக்குழு நடத்துநரும் ஆவார். 1935-ஆம் ஆண்டில் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை நிறுவினார். பின்னர் அமெரிக்காவில் இளம் இசைக்கலைஞர்களுக்கான இசைக்குழு ஒன்றைத் தொடங்கி 33 ஆண்டுகள் நடத்தினார். புகழ்பெற்ற இசை நடத்துநர் சுபின் மேத்தா இவருடைய மகன்.

நடத்துநரும் வயலினும்

கருநாடக இசைக் கச்சேரியில் வயலின் கலைஞர் பாடகரின் அருகில் அமர்ந்து அவரைப் பின்தொடர்ந்து வாசிப்பார். அங்கே நடத்துநர் என்று தனியாக ஒருவர் இல்லை. மேற்கத்திய சிம்பொனி இசைக்குழுவின் அமைப்பு வேறு. அதில் எண்பது, நூறு பேர்கூட ஒன்றாக வாசிப்பார்கள். ஒவ்வொருவர் முன்னும் அவரவர் கருவிக்குரிய இசைக்குறிப்பு மட்டுமே இருக்கும். எல்லாக் கருவிகளின் குறிப்புகளும் அடங்கிய முழுப்பிரதி நடத்துநரிடம் இருக்கும். அவர் கையசைவால் தாளத்தையும் வேகத்தையும் ஒலியின் ஏற்ற இறக்கத்தையும் உணர்த்துகிறார்.

நடத்துநருக்கு அடுத்த பொறுப்பு, அவருக்கு இடப்புறம் முதல் இருக்கையில் அமரும் முதன்மை வயலின் கலைஞருடையது. வயலின்கள் அனைத்தும் ஒரே திசையில் வில்லை இழுக்க வழிகாட்டுபவர் இவரே. மெலி மேத்தா இவ்விரு பொறுப்புகளையும் வகித்தவர்.

பம்பாயில்

பம்பாயில் பார்சி குடும்பத்தில் பிறந்த இவர், வயலின் மேதை யாஷா ஹைஃபெட்சின் வாசிப்பால் ஈர்க்கப்பட்டார். பெரும்பாலும் சொந்த முயற்சியால் கற்றார். இசைக்குழுவைத் தொடங்கிய ஆண்டில் இவருக்கு 27 வயது நிறைந்தது. முதலில் முதன்மை வயலின் கலைஞராகவும் பிறகு நடத்துநராகவும் அதில் பணியாற்றினார். திரைப்பட இசைக்கூடங்களில் வாசித்துவந்த கோவா இசைக்கலைஞர்களும், வேறு தொழில் செய்துகொண்டு ஆர்வத்தால் வாசித்தவர்களும் அதில் இடம்பெற்றனர். இசைக்குழுவை மட்டுமே நம்பி வாழும் நிலை அப்போது இந்தியாவில் இல்லை.

வெளிநாடுகளில்

1945-இல் குடும்பத்தைப் பம்பாயில் விட்டுவிட்டு நியூயார்க் சென்று, இவான் கலமியனிடம் வயலின் பயின்றார். பிற்காலத்தில் இட்சாக் பெர்ல்மனுக்கும் ஆசிரியராக இருந்தவர் கலமியன். ஏற்கெனவே ஒரு நகரத்தின் இசைக்குழுவை உருவாக்கிய மெலி, 37 வயதில் மீண்டும் மாணவரானார்.

1949-இல் நாடு திரும்பினாலும், முழுநேர இசைக்கலைஞராக வாழ 1955-இல் மீண்டும் வெளியேற வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ஜான் பார்பிரோலி நடத்திய ஹாலே இசைக்குழுவில் வயலின் வாசித்தார். 1959-இல் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் நால்வர் குழுவில் சேர்ந்தார்.

இளைஞர் இசைக்குழு

1964-இல் லாஸ் ஏஞ்சலசில் குடியேறி, அமெரிக்க இளைஞர் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கினார். தொழில்முறை இசைக்குழுக்களில் சேர விரும்பும் இளைஞர்களுக்குப் பெரிய சிம்பொனிகளை வாசிக்கும் பயிற்சியை அது அளித்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலும் இசைக்குழுவை நடத்தினார். ஏறத்தாழ 90 வயது வரை இப்பணி தொடர்ந்தது.

மகன் சுபின் மேத்தா

1936-இல் பிறந்த சுபின், வீட்டில் தந்தையின் ஒத்திகைகளைக் கேட்டு வளர்ந்தார். 16 வயதிலேயே தந்தையின் குழுவை ஒத்திகைகளில் நடத்தினார். 1954-இல் வியன்னா சென்று ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் நடத்துநர் கலை பயின்றார். 1958-இல் லிவர்பூல் பன்னாட்டு நடத்துநர் போட்டியில் வென்றார். 1962-இல், 26 வயதில், லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக் குழுவின் இசை இயக்குநரானார். அந்த வயதில் தந்தைக்குக் கிடைக்காத முறையான கல்வியும் முழுநேர இசைக்குழுவும் மகனுக்குக் கிடைத்தன.

தாக்கம்

இந்தியாவின் முதல் தொழில்முறை சிம்பொனி இசைக்குழுவான இந்திய சிம்பொனி இசைக்குழு 2006-இல்தான் மும்பையில் அமைந்தது. மெலி தம் குழுவைத் தொடங்கி அதற்குள் 71 ஆண்டுகள் கடந்திருந்தன. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1995-இல் அவர் பெயரில் மும்பையில் நிறுவப்பட்ட அறக்கட்டளை, குழந்தைகளுக்கு மேற்கத்திய இசையைக் கற்பிக்கிறது.