எட்டாம் இடத்திலிருந்து கிண்ணம் வரை

பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்திலும் தோட்டத்து மைதானங்களிலும் உதைபந்தாட்டம் ரசிக்கும் நேயர்களே, தரமிறக்கப்படாமல் மயிரிழையில் தப்பிய அணி, அடுத்த பருவமே கிண்ணம் வெல்லுமா?

தமிழ்நாட்டில் வென்றது!

2018இல் இந்தியாவின் ஐ-லீக்கில் சென்னை சிட்டி கழகத்துக்குக் கிடைத்தது எட்டாவது இடம். இன்னும் ஒரு படி சறுக்கியிருந்தால் ஆபத்து.

மறு வருடம் மார்ச்சில் கடைசி ஆட்டம். பெயரில்தான் சென்னை, ஆடியதோ கோயம்புத்தூரில்! எதிரணியான மினர்வா பஞ்சாப் முந்திக்கொண்டு கோல் போட, ரசிகர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. கிண்ணத்துக்குப் போட்டிக்கு நின்ற ஈஸ்ட் பெங்காலோ அன்று கோழிக்கோட்டில் தன் ஆட்டத்தை வென்றது.

சென்னை சிட்டியின் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமப்படுத்தினார். பிறகு, கோல் விழாமல் தடுக்க வேண்டிய பின்கள வீரர் கௌரவ் போராவே இரண்டு கோல் அடித்தார். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கிண்ணம் சென்னை சிட்டிக்கு!